கவிப்ரியா பேருக்கு வந்த படுதா

அமிர்தத்தின் நெல் ஒன்பது நாளாக ரோட்டோரம் கிடந்தது.

குறுவை நெல். கோயில் நிலம் ஆறு மா, ஏறக்குறைய இரண்டு ஏக்கர், அவள் சாகுபடியில் இருக்கிறது. மிஷின் விட்டு அறுத்து, டிராக்டரில் ஏற்றிப் பூவத்தங்குடி கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுவந்தபோது அங்கே களத்தில் கால் வைக்க இடம் இல்லை. எடை போட்ட மூட்டைகள் லாரிக்காக அடுக்கி நின்றன. அவை ஏறினால்தான் அடுத்த நெல்லை எடை போடுவார்கள். அமிர்தம் தன் நெல்லை ஆற்றங்கரை ரோட்டில், புளியமரத்துக்குத் தெற்கே கொட்டினாள்.

ஒன்பது நாளும் ஒரே வேலை. வெயில் ஏறியதும் படுதாவை நீக்குவது. பலகையால் இழுத்து நெல்லைப் பரப்புவது. காலைத் தரையில் தேய்த்து நடந்து கோடு கோடாகக் கிளறுவது. மேகம் வந்தால் ஓடிக் குவித்து மூடுவது. மேகம் போனால் மறுபடி பிரிப்பது. ஒரே பகலில் அவள் நான்கு தடவை மூடிப் பிரித்ததைப் பார்த்திருக்கிறேன்.

நான் நீடாமங்கலத்தில் ஒரு தனியார் அரிசி ஆலையில் வேலை பார்க்கிறேன். நெல்லின் ஈரப்பதம் பார்ப்பது என் வேலை. பதினேழு சதவீதத்துக்குள் இருந்தால் எடுப்பார்கள். இருபதைத் தாண்டினால் காயவைத்துக் கொண்டுவா என்பார்கள். நனைந்து குவியலாக இரண்டு நாள் கிடந்தால் முளை விட்டுவிடும். முளைத்த நெல்லை யாரும் எடுப்பதில்லை. இதையெல்லாம் அமிர்தத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒரு நெல்லைப் பல்லிடுக்கில் வைத்துக் கடிப்பாள்.

"டக்குன்னு ஒடையுது தம்பி. பதினாறுதான் இருக்கும்."

என் மிஷினும் ஏறக்குறைய அதையே சொல்லும்.

அவள் மூடிவந்த படுதா அவளுடையது அல்ல. வடக்குத் தெரு கோவிந்தராசுவுடையது. அவர் வயலில் அறுப்பு மிஷின் இறங்கும் அன்று திருப்பிக் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை காலை மிஷின் இறங்கிவிட்டது.

அன்று பதினொரு மணிக்கு என் வீட்டு வாசலில் ஒரு பைக் நின்றது. பார்சல் கொண்டுவருகிறவர். முப்பது வயது இருக்கும். பின்னால் பெரிய பை, முன்னால் டேங்கின் மேல் தட்டையாக ஒரு பழுப்புக் கட்டு.

"கவிப்ரியா அக்காவுக்கு ஒரு பார்சலுங்க. போன் அடிச்சுப் பாத்தேன், ஸ்விட்ச் ஆஃப்ன்னே சொல்லுது."

"அவங்க இல்லை."

"எப்ப வருவாங்க?"

"வர மாட்டாங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கொடியைப் பார்த்தார். கொடியில் என் சட்டைகள் மட்டும் தொங்கின.

"காசு குடுத்து வாங்குற பார்சலுங்க சார். நீங்களே வாங்கி வெக்கலாமே."

"நான் எதுவும் கேக்கலை. எடுத்துட்டுப் போயிடுங்க."

கையிலிருந்த போனில் எதையோ அமுக்கினார். "சரிங்க சார்" என்று வண்டியைத் திருப்பினார்.

ஏழு மாதமாக இந்தப் பதிலைச் சொல்லி வருகிறேன். வங்கியிலிருந்து கூப்பிடுவார்கள், இன்ஷூரன்ஸிலிருந்து கூப்பிடுவார்கள், கவிப்ரியா ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்த கடையிலிருந்து கூப்பிட்டார்கள். முதலில் விவரம் சொன்னேன். விவரம் சொன்னால் எதிர்முனையில் 'ஐயோ' என்பார்கள். பிறகு அவர்களை நான் தேற்ற வேண்டியிருந்தது. இல்லை என்றால் போதும்.

மத்தியானம் வீட்டில் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படித்தான். கடைத்தெரு வரை போவேன், திரும்புவேன், மறுபடி போவேன். நாலரை மணிக்கு ஆற்றங்கரைப் பக்கம் நடந்தேன். கிழக்கே வானம் கருத்துத் தாழ்ந்திருந்தது. வேதாரண்யம் பக்கமிருந்து வந்த பஸ் ஒன்று என்னைக் கடந்து போனது. அதன் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இங்கே ரோடு காய்ந்து கிடந்தது.

அமிர்தம் பலகையால் நெல்லைத் தள்ளிக் குவித்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் நாகநாதன் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் வாளியில் உட்கார்ந்து சாக்குகளின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். டிராக்டர் ஓட்டியவர். முட்டி போய்விட்டது. இப்போது உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலை எல்லாம் அவருடையது. பேச்சும் அவருடையது.

"வாங்க தம்பி" என்றாள் அமிர்தம். "சாப்டீங்களா?"

"ஆச்சுக்கா."

"என்னத்த ஆச்சு? மூஞ்சி சொல்லுதே. தூக்குல சோறு இருக்கு. கருவாடும் இருக்கு."

"அவரு வேணாங்குறாரு. நீ ஏன் அவரு வாய்ல திணிக்கப் பாக்குற?" என்றார் நாகநாதன். "எனக்குப் போடு. நான் ரெண்டாம் பந்திக்கு ரெடி."

"நீ உக்காந்தே பசிக்கிற ஆளு."

பிரித்த சாக்குகளோடு அமிர்தத்தின் பழைய சேலைகள் நாலைந்து மடித்துக் கிடந்தன. உரச்சாக்குகளைக் கிழித்துத் தைத்த துண்டு ஒன்றும் கிடந்தது. குவியலின் பாதிக்குக்கூட அவை காணாது.

"படுதா எங்கக்கா?"

"கோவிந்தராசு அண்ணன் காலையிலயே வந்து எடுத்துட்டுப் போயிட்டாரு. அவரச் சொல்லிக் குத்தமில்ல. அவரு நெல்லும் நெல்லுதானே. ஒம்போது நாளு குடுத்ததே பெருசு."

"வேற?"

அவள் நெல்லை வேகமாகத் தள்ளினாள்.

"வந்துரும்ங்குறா தம்பி" என்றார் நாகநாதன். "வெடிஞ்சதுலேருந்து வந்துக்கிட்டே இருக்கு."

"இன்னிக்குத் தேதிதான் போட்டிருக்கு. பொழுது இன்னும் போவல."

"பொழுது போவல. மழை வருது."

"நீ வாயக் கழுவு."

நாகநாதன் என் பக்கம் திரும்பினார். "போன்ல படுதா கேட்டிருக்கா தம்பி. மைக்க அமுக்கிப் படுதான்னு சொன்னா. என்ன காட்டுச்சு தெரியுமா? சன்னலுக்குப் போடுவாங்க பாருங்க, பூப்போட்ட துணி. வளையம் எல்லாம் வெச்சு. ரோசு கலருல ஒண்ணு, பச்சக் கலருல ஒண்ணு."

"அதுக்கு நா என்ன பண்றது? நம்மூர்ல இதுக்குப் பேரு படுதாதானே? அப்பறம் தார்ப்பாய்னு சொன்னேன். நீலக் கலருல சரியாக் காட்டுச்சு. முப்பதுக்கு இருபத்துநாலு. கண்ணால பாத்துத்தான் அமுக்கினேன்."

"ரோசு கலரு வந்தா நெல்லுக்குப் போத்திட்டு நடுவுல மாலையத் தொங்க விடுவோம். பொண்ணு மாப்ள உக்கார வெக்கலாம்."

காலையில் வந்த பழுப்புக் கட்டு எனக்கு நினைவுக்கு வந்தது. கேட்கவில்லை. அவளே பலகையை நட்டுவைத்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி... காலையில வீட்டுப் பக்கம் ஆளு யாரும் வந்தாங்களா?"

கவிப்ரியாவின் போன் இப்போது அமிர்தத்திடம் இருக்கிறது. நான்தான் கொடுத்தேன். தஞ்சாவூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அது தரையில் விழுந்தது. கண்ணாடி கீறவில்லை. திரையின் மேல்பாதியில் மட்டும் மை கொட்டியது மாதிரி ஒரு கறுப்பு, மூன்று விரல் அகலத்துக்கு. கவிப்ரியா அதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம் என்றாள். காய்ச்சல் ஆறாம் நாள் அது. அவளுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்து அமிர்தம் பாத்திரம் கழுவிவைத்துவிட்டுக் கிளம்பியபோது போனையும் சார்ஜரையும் அவள் கையில் வைத்தேன். அவளிடம் பட்டன் போன்தான் இருந்தது. சிம்மை எடுத்துவிட்டு அமிர்தத்தின் சிம்மைப் போட்டுக் கொடுத்தேன். மற்ற எதையும் அழிக்கவில்லை.

அதற்கு முன்பும் அந்தப் போனில் பாதி அமிர்தத்தினுடையதுதான். அமிர்தமும் மற்றத் தெற்குத் தெருப் பெண்களும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். கவிப்ரியா படியில் உட்கார்ந்து காட்டுவாள். தஞ்சாவூரில் நர்சிங் படிக்கும் அமிர்தத்தின் பெண் சுடர்விழிக்கு வெள்ளை ஷூ, நாகநாதனுக்கு முட்டி உறை, மருந்தடிக்கும் டேங்குக்கு மூக்கு. முட்டி உறை பிள்ளைகள் அளவில் வந்து நாகநாதன் அதைக் கையில் மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றினார். சாமான் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வரும். அவர்கள் வந்து எடுத்துப்போவார்கள்.

"எந்த அட்ரஸ் போட்டீங்கக்கா?"

"அட்ரஸ் நா எங்க போட்டேன்? மஞ்சப் பட்டன அமுக்கினேன். மறுபடி மஞ்சள். அப்பறம் கையில காசுன்னு வரும், அத அமுக்கினேன். கவி சொல்லிக் குடுத்தது அதான். சாமான் ஒங்க வீட்டுக்கு வரும், நா வந்து எடுத்துக்குவேன். எப்பவும் அப்படித்தானே தம்பி?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் மூணு தடவ வந்தேன். ஒங்க கேட் வரைக்கும் வந்தேன். நீங்க வெளில வந்து என்னக்கான்னு கேட்டா, நா கவி போனுன்னுதானே ஆரம்பிக்கணும்? நாக்கு வரல. திரும்பிட்டேன்."

சொல்லிவிட வேண்டியதுதான்.

"வந்தாங்கக்கா. நான் திருப்பி அனுப்பிட்டேன்."

நாகநாதன் தையல் பிரிப்பதை நிறுத்தினார். அமிர்தம் என்னைத் திட்டியிருக்கலாம். அவள் வானத்தைப் பார்த்தாள். பிறகு பலகையை எடுத்து விட்ட இடத்திலிருந்து நெல்லைத் தள்ள ஆரம்பித்தாள்.

"ஏன் தம்பி?" என்றார் நாகநாதன்.

"அவ பேரைச் சொல்லிக் கேட்டாங்க."

"எம்பேர்ல வரலியா அது?" அமிர்தம் நிமிர்ந்தாள். "போனு எங்கிட்டதானே இருக்கு? எம்பேருன்னுல நெனச்சேன். அந்த எடத்துல பேரு எங்க தெரியுது, கறுப்பாத்தானே கெடக்கு."

"மன்னார்குடியில கடையில கெடைக்காதாக்கா?"

"மூணு கடை ஏறி எறங்குனேன். டிவியில மழைன்னு சொன்ன அன்னிக்கே எல்லாம் போயிடுச்சு. இன்னிக்கு ஞாயித்துக்கெழம, கடையும் கெடையாது."

"போனைக் குடுங்கக்கா."

இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பாலிதீன் பையில் சுற்றியிருந்தாள். ஏழு மாதம் கழித்து அதைத் தொட்டேன். உறை அதே உறை. ஆர்டரைத் திறந்தேன். நீலப் படுதாவின் படம் கீழே தெரிந்தது. கொண்டுவருகிறவரின் எண் படத்துக்கு மேலே இருக்க வேண்டும். அங்கே கறுப்பு. மேலே தள்ளினேன், கீழே தள்ளினேன். நகராத பக்கம் அது.

கெட்டுப்போனது திரைதான். உள்ளே எல்லாம் இருக்கிறது. இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கி அந்தப் பக்கத்தைப் படமாக எடுத்தேன். வாட்ஸ்அப்பில் என் போனுக்கு அனுப்பினேன். சிக்னல் ஒரு கோடு. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அமிர்தம் என் தோளுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு போன்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

படம் வந்தது. என் போனில் கறுப்பு இல்லை. முழுப் பக்கமும் தெரிந்தது.

கவிப்ரியா, மெயின் ரோடு, பூவத்தங்குடி. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு. அவள் மன்னார்குடிக்கு வேலைக்குப் போய்வந்த நாட்களில் தட்டி வைத்திருக்க வேண்டும்.

*நான் இல்லாவிட்டால் அமிர்தம் அக்காவிடம் கொடுக்கவும். வெயிட்டாக இருந்தால் மாடிப்படிக்கு அடியில் வைக்கவும்.*

ஒரு தடவை படித்தேன். எண் அதற்கும் கீழே இருந்தது. பெயர் ஜெக்கரியா.

கூப்பிட்டேன். காற்றுச் சத்தம்தான் முதலில் கேட்டது.

"காலையில பூவத்தங்குடியில ஒரு பார்சல்... கவிப்ரியா பேர்ல..."

"சார், வண்டியில இருக்கேன்... மன்னார்குடி ஆபீஸு... ஆறு மணிக்குப் பூட்டிருவாங்க..."

அவ்வளவுதான் கேட்டது. மணி ஐந்து. மன்னார்குடி பதினான்கு கிலோமீட்டர்.

"நான் போயிட்டு வரேன்க்கா."

"நீங்க அங்க போயி வாயத் தொறக்க மாட்டீங்க. நானும் வரேன்." அமிர்தம் முந்தானையை இழுத்துச் சொருகினாள். புருஷனிடம் திரும்பினாள். "சேலைய மேல போடு. சாக்கு ஓரத்துக்கு. காத்து வர்ற பக்கம் செங்கல்ல வெய்யி."

"நீ போ. நா மேலயே ஏறிப் படுத்துக்கறேன். எம்பது கிலோ கல்லு."

வீட்டுக்கு ஓடி வண்டியை எடுத்துவந்தேன். அமிர்தம் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்துகொண்டாள். கடைத்தெருவில் டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எதையும் கவனிக்கவில்லை. கிழக்கையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"வேகமாப் போவலாம் தம்பி. நா விழ மாட்டேன்."

வேகமாகப் போனேன். அறுத்த வயல்களில் தாள் நின்றது. அறுக்காத வயல்களில் கதிர் சாய்ந்திருந்தது. அங்கங்கே ரோட்டில் பாதியை நெல் பிடித்திருந்தது. ஆட்கள் ஓடிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் குவியலுக்குப் பக்கத்திலும் ஒரு நீலமோ கறுப்போ மடிந்து கிடந்தது.

"ஒங்க தெரு அட்ரஸே போட்டிருக்கலாமேக்கா. மொதல்லேருந்தே."

"எங்க தெரு அதுல இல்ல."

"இல்லன்னா?"

"கவி போட்டுப் பாத்துச்சு. தெக்குத் தெருன்னு அடிச்சா மன்னார்குடியில ஒரு தெருவக் காட்டுது. மேப்பத் தொறந்தா எங்க எடத்துல வயலுதான் இருக்கு, பச்சையா. நூத்திப்பத்து வீடு தம்பி. தண்ணி டேங்கு இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு. அது வயலுங்குது. இத்தன காலம் வயல்லயே கெடந்தோம்ல, அதான் அப்படியே எழுதிட்டான் போலன்னேன். கவி சிரிக்கல. மூஞ்சி செவந்து போச்சு. எங்க வீட்டுக்கு வரட்டும்க்கான்னு சொல்லிடுச்சு."

ரோட்டில் கிடந்த ஒரு குவியலைச் சுற்றிக்கொண்டு போனேன். அவள்தான் மறுபடி ஆரம்பித்தாள்.

"சுடரு இருந்தா பாத்துச் செஞ்சிருக்கும். அது போன்ல எல்லாம் பளிச்சுனு தெரியும். அதுக்குப் பரீட்ச. இதப் போயி அதுங்கிட்ட சொல்லுவானேன்னு நானே அமுக்கினேன். மூணு நாளு அமுக்காமப் பாத்துக்கிட்டே இருந்தேன் தம்பி. தப்பா அமுக்கிட்டா யாருகிட்ட கேக்குறது? முன்ன கவி இருந்துச்சு."

முதல் துளி கையில் விழுந்தது. பெரிய துளி. பிறகு ஒன்றும் இல்லை.

பார்சல் ஆபீஸ் ஒரு ஷட்டர் கடை. உள்ளே பெட்டிகள் கூரை வரை. வாசலில் ஜெக்கரியா மழைக்கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார்.

"வந்துட்டீங்களா சார். போன்ல ஒண்ணும் கேக்கல. அக்கா வந்துட்டாங்களா?"

"அந்தப் பார்சல் இருக்கா?" என்றேன். "திருப்பி அனுப்பிட்டீங்களா?"

"எங்க சார் அனுப்புறது? உள்ளதான் இருக்கு. நாளைக்கு மறுபடி கொண்டாறேன்னுதானே போட்டேன்."

"நான் வேணாம்னு சொன்னேனே."

அவர் அமிர்தத்தைப் பார்த்துத் தயங்கினார். குரலைத் தணித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். நீங்க சொன்ன மாதிரியப் பாத்தா புருசன் பொண்டாட்டிக்குள்ள ஏதோ சண்டன்னு தோணுச்சு. இல்லங்குறீங்க, வர மாட்டாங்கங்குறீங்க. அம்மா வீட்டுக்குப் போயிருப்பாங்க, ரெண்டு நாள்ல வந்துருவாங்கன்னு நெனச்சேன். வேணாம்னு அமுக்கினா பொருளு திரும்பிப் போயிரும். வந்து பாத்துட்டு அக்கா வருத்தப்படுவாங்கள்ல. அதான் வீட்ல ஆளில்லன்னு போட்டேன்."

அமிர்தம் என் முகத்தைப் பார்த்தாள்.

"நா ஒரு வருசமா அதிராம்பட்டினம் லைன்ல ஓட்டிக்கிட்டு இருந்தேன். எங்க ஊரு அது. போன வாரந்தான் இங்க திரும்ப மாத்துனாங்க. முன்ன ஒங்க வீட்டுக்கு எத்தன பார்சல் போட்டிருக்கேன். அக்கா மோர் குடுப்பாங்க. பேசித் தீத்துக்குங்க சார். நல்ல மனுசி."

எனக்கு வாயில் இருந்தது இல்லை என்ற ஒரு சொல்தான். அதைக் காலையிலேயே அவரிடம் சொல்லியாகிவிட்டது.

"தம்பி," என்றாள் அமிர்தம் அவரிடம், "மொதல்ல கட்ட எடுத்துக் குடுங்க. நெல்லு தெறந்து கெடக்கு."

அவர் உள்ளே ஓடினார். அமிர்தம் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டாள். ஜெக்கரியா கட்டோடு வந்து போனை நீட்டி, விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார். அமிர்தம் போட்டாள். அ சரியாக வந்தது. மற்றது கோடாக இழுபட்டது.

"இது போதுமாய்யா?"

"போதும்க்கா. புள்ளி வெச்சாக்கூட எடுத்துக்கும்."

கட்டை அவள் மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வண்டியைக் கிளப்பும்போது ஜெக்கரியா குனிந்து என்னிடம் சொன்னார். "அக்காவக் கேட்டதாச் சொல்லுங்க."

தலையாட்டினேன்.

பாமணி ஆற்றுப் பாலம் தாண்டியதும் மழை பிடித்தது. முன்னால் நடப்பது தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டேன். அமிர்தம் கட்டின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். மழையில் நனையவே செய்த பொருளை நனையாமல் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"தம்பி."

"சொல்லுங்கக்கா."

"அந்த ஆளுகிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். காலையிலயே."

"அது சொன்னதா?"

முகத்தில் வழிந்த மழையைக் கையால் துடைத்தேன். அவளும் விட்டுவிட்டாள்.

நாகநாதன் சொன்னபடியே செய்திருந்தார். குவியலின் மேல் சேலைகளை விரித்து, அவற்றின் மேல் காலை அகட்டிக் குப்புறப் படுத்திருந்தார். தலையில் உரச்சாக்கு. காற்று ஒரு சேலையைப் பிய்த்துப் புளியமரத்தில் மாட்டியிருந்தது. ஓரச் சாக்குகளுக்கு அடியில் தண்ணீர் ஓடியது. அதோடு நெல்லும் ஓடியது.

"வந்துட்டாளா?" சாக்குக்குள்ளிருந்து குரல் வந்தது. "என்ன கலரு? ரோசா, பச்சையா?"

"எறங்குய்யா மொதல்ல."

அரிவாளால் கட்டைக் கிழித்தாள். அவள் கை ஒரு கணம் நின்றது. அட்டையைப் பிளந்தாள்.

நீலம். ஓரத்தில் இரும்பு வளையங்கள். புது ரப்பர் வாசனை.

"பாத்துக்க" என்றாள். "படுதா."

மூன்று பேரும் ஆளுக்கு ஒரு முனை பிடித்தோம். நான்காம் முனை காற்றில் அடித்தது. நாகநாதன் முட்டியை மறந்து ஓடி அதன்மேல் உட்கார்ந்தார். இழுத்து மூடி, ஓரத்தை மடித்து, செங்கல் வைத்து, வளையங்களில் கயிறு விட்டுப் புளியமரத்து வேரில் கட்டினோம். முப்பதுக்கு இருபத்துநாலு. குவியலை மூடி மிச்சமும் இருந்தது. மிச்சத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதற்கடியில் உட்கார்ந்தோம்.

அமிர்தம் சுற்றுமுற்றும் பார்க்காமல் கையைக் குவியலுக்குள் விட்டாள். முழங்கை வரை போனது. என்னைப் பார்த்தாள்.

"வெச்சுப் பாருங்க தம்பி. மிஷினு தேவயில்ல."

நானும் விட்டேன். மேலே ஒரு விரற்கடை ஆழத்துக்கு ஈரம். அதற்குக் கீழே கை வழுக்கிக்கொண்டு போனது. உள்ளே சூடு. ஒன்பது நாள் வெயில் அங்கே இருந்தது. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்தேன்.

அவள் ஒரு நெல்லை எடுத்துக் கடித்தாள். மழைச் சத்தத்தில் அது உடைந்தது கேட்கவில்லை.

"ஓரத்துல ஒரு மூட்ட போச்சு" என்றாள். "மிச்சம் இருக்கு."

"கோழிக்கு ஆவும்" என்றார் நாகநாதன். "எனக்குக் கருவாடு மிச்சம் இருக்கா?"

தூக்கைத் திறந்தாள். இந்தத் தடவை என்னைக் கேட்கவில்லை. மூடியில் சோற்றை வைத்துக் கையில் கொடுத்துவிட்டாள். சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் பாலிதீன் பையைப் பிரித்துப் போனை என்னிடம் நீட்டினாள்.

"இதுல எம்பேர மாத்திக் குடுங்க தம்பி. இல்லன்னா வர்றவன் எல்லாம் கவி பேரச் சொல்லித்தான் ஒங்க வாசல்ல நிப்பான். ஒங்களுக்குத்தான் சங்கடம்."

வாங்கினேன். விலாசப் பக்கத்தைத் திறந்தேன். கறுப்புக்கு அடியில் கவிப்ரியாவின் பெயர் இருக்கிறது, அதற்குக் கீழே அந்தக் குறிப்பு. கறுப்பின்மேல் விரலை வைத்து அமுக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. அதே கணக்கை என் போனில் திறந்து பெயரை மாற்றுவது இரண்டு நிமிஷ வேலை.

"இதுல மாத்த முடியாதுக்கா. அந்த எடம் வேலை செய்யல."

"அப்ப என்ன பண்றது?"

"அப்படியே வரட்டும். நான் வாங்கி வெக்கிறேன்."

நாகநாதன் படுதாவின் ஓரத்தைத் தூக்கித் தேங்கிய தண்ணீரை வெளியே கொட்டினார்.

"நீங்க வேலைக்குப் போயிட்டா?" என்றாள் அமிர்தம்.

"நான் இல்லாவிட்டா..." என்று ஆரம்பித்தேன். போனைப் பையில் சுற்றி அவளிடம் கொடுத்தேன். "மாடிப்படிக்கு அடியில வெக்கச் சொல்லியிருக்கு."